நூலக வரி கட்டுகிறோம், கழிப்பறைக்கு ஏன் பூட்டு?

சென்னை கொளத்தூரில் 2024 நவம்பர் 4 அன்று ‘முதல்வர் படைப்பகம்’ திறக்கப்பட்டபோது அதன் படங்கள் நிறையவே சுற்றின. தனித்தனி இருக்கை, மடிக்கணினிக்கு மின்இணைப்பு, இணையம், கூட்டம் நடத்தச் சிறு அறைகள், கொண்டுபோன சோற்றை உட்கார்ந்து சாப்பிட இடம். அதற்கு முன்பே பல நகராட்சிகளில் ‘அறிவுசார் மையம்’ வந்துவிட்டது. இவற்றைப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கிளை நூலகத்துக்குள் நுழைபவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை பிடிக்கிறார்களே, அந்தப் பணத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடக் கிடையாதா?

கேள்வி நியாயமானது. ஆனால் அதைத் தவறான அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் பலரும் திரும்பி வருகிறார்கள்.

மூன்று பலகை, மூன்று நிர்வாகம்

தமிழ்நாட்டில் ‘நூலகம்’ என்று பலகை தொங்கும் கட்டிடங்கள் ஒரே துறையைச் சேர்ந்தவை அல்ல.

1. பொது நூலகத் துறையின் நூலகங்கள். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அதுதான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பலன். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ் வருபவை. மாவட்டத்துக்கு ஒரு நூலக ஆணைக்குழு உண்டு. அன்றாட நிர்வாகம் மாவட்ட நூலக அலுவலரிடம்.

2. ஊராட்சி நூலகங்கள். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், அப்போதிருந்த 12,618 கிராம ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு நூலகம் என்று கட்டப்பட்டவை. இவை ஊரக வளர்ச்சித் துறைக்கும் ஊராட்சிக்கும் உரியவை. மாவட்ட நூலக அலுவலருக்கு இவற்றின் சாவியோடு சம்பந்தம் இல்லை. பூட்டியே கிடக்கும் நூலகம் என்று செய்திகளில் வருவதில் பெரும்பங்கு இந்த வகைதான்.

3. அறிவுசார் மையங்களும் படைப்பகங்களும். நகர நிர்வாகத்தின் பணத்தில் எழுந்தவை. நூலகம் இவற்றின் ஒரு பகுதி மட்டுமே. போட்டித் தேர்வுப் படிப்பிடமும் கணினி அறையும்தான் முக்கியம். கொளத்தூர்ப் படைப்பகத்தின் பகிர்ந்த பணியிடத்துக்கு அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய் என்று கட்டணமே உண்டு. கிளை நூலகத்தில் உள்ளே போய் உட்கார யாரும் காசு கேட்பதில்லை. ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் (2010 செப்டம்பர் 15), மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம் (2023 ஜூலை 15) இரண்டும் பொது நூலகத் துறையின்கீழ் வந்தாலும், மாநில அரசு தனியாக நிதி ஒதுக்கி எழுப்பியவை. அவற்றின் மின்தூக்கியையும் உணவகத்தையும் காட்டி, ஊர்ப்புற நூலகத்தில் ஏன் இல்லை என்று கேட்பது, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் காட்டித் துணை சுகாதார நிலையத்தைக் கேட்பது போலத்தான். குறைந்தபட்சம் இருந்தே தீரவேண்டியது எது என்பதே பயனுள்ள கேள்வி.

அந்தப் பத்துப் பைசா

நூலக வரி என்பது தனி வரி அல்ல, சொத்து வரியின் மேல் ஏறும் கூடுதல் தொகை. இப்போதைய விகிதம் ரூபாய்க்கு 10 பைசா. அரையாண்டுச் சொத்து வரி 1,500 என்றால் நூலக வரி 150. இப்படி 4,000 வீடுகள் உள்ள ஊரில் ஆண்டுக்கு 12 லட்சம் சேரும். கேட்பதற்குப் பெரிய தொகை. அந்த ஊர் நூலகத்துக்கே அது வராததற்குக் காரணங்கள் இவை:

1. வசூலிப்பது நகராட்சியோ பேரூராட்சியோ ஊராட்சியோ. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். வசூலித்ததைச் செலுத்தாமல் நிலுவை வைப்பது பல ஊர்களில் பழைய நோய்.

2. செலுத்திய பணம் மாவட்டத்தின் பொது நிதியில் சேர்கிறது. வரி அதிகம் தரும் நகரமும் வரியே பெயராத மலைக் கிராமமும் ஒரே பானையிலிருந்து சாப்பிடுகின்றன. இது குறை அல்ல, சட்டத்தின் நோக்கமே அதுதான்.

3. அந்த நிதியில் சம்பளம், நூல், நாளிதழ், வாடகை, மின்கட்டணம் என்று வரிசையாகப் போனபின் மிஞ்சுவதில்தான் துடைப்பமும் பினாயிலும் வாங்க வேண்டும்.

புரவலர் திட்டத்தை நம்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 1,000 ரூபாய் கட்டினால் புரவலர். தொகை வைப்பில் இருக்கும், வட்டி நூலகத்துக்குப் பயன்படும். 100 பேரைச் சேர்த்தால் 1 லட்சம். வட்டி 7 விழுக்காடு என்றாலும் ஆண்டுக்கு 7,000. நாளொன்றுக்கு இரண்டு தண்ணீர் கேன், கேன் 35 ரூபாய், மாதம் 25 நாள் என்று போட்டால் மாதம் 1,750 ஆகிறது. 100 புரவலர்களின் வட்டி நான்கே மாதத் தண்ணீருக்குத்தான் காணும்.

இதில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கட்டிடத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நூல்களுக்கும் கட்டிட விரிவாக்கத்துக்கும் கொல்கத்தாவின் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை உதவுகிறது. ஒருமுறைச் செலவுக்கு எப்படியோ பணம் புரண்டுவிடும். மாதாமாதம் ஆகிற செலவுக்குத்தான் யாரும் இல்லை. நூலக வசதிகளில் பாதி பழுதாவது பழசாகிப் போனதால் இல்லை, மாதச் செலவுக்கு ஆள் வைக்காமல் திறந்ததால்தான்.

500 சதுர அடியில் எத்தனை பேர்?

படிப்பவர் ஒருவருக்கு மேசை, நாற்காலி, பின்னால் ஆள் நடக்க இடம் எல்லாம் சேர்த்து 25 சதுர அடி என்பது வழக்கமான கணக்கு. 500 சதுர அடி நூலகத்தில் அடுக்குகளுக்கும் அவற்றின் இடைவழிக்கும் 170, நூலகர் மேசைக்கு 40, வாசல் பக்கம் 40 போனால் மிச்சம் 250. பத்துப் பேருக்குச் சரி. ஆனால் இருபது நாற்காலி போட்டிருப்பார்கள். ஒருவர் எழ வேண்டுமென்றால் மூன்று பேர் நகர வேண்டும். நாற்காலி கிரீச்சிடும் சத்தத்துக்கு வாசகர்களைத் திட்டிப் பயனில்லை. காலுக்கு அடியில் ரப்பர் உறை மாட்டினால் சத்தம் பாதி போய்விடும், அதற்கு ஆகிற செலவும் சொற்பம்.

இடம் கூட்ட வழியில்லாதபோது, இருக்கும் அறையைப் பிரித்து வைப்பதுதான் வழி. வந்து பத்து நிமிடத்தில் போகிற நாளிதழ் வாசகர்கள் வாசலருகே. குழந்தைகள் பகுதி அதற்கு அடுத்து, தரையில் பாய் விரித்து. நடுவில் அடுக்குகளைக் குறுக்காக நிறுத்தினால் புத்தகங்களே சத்தத்தைத் தடுக்கும். அதற்குப் பின்னால் நெடுநேரம் படிப்பவர்கள். பெரும்பாலான ஊர்களில் இது தலைகீழாக இருக்கிறது: அடுக்கெல்லாம் சுவரோரம், நடுவில் ஒரே நீள மேசை, எல்லோரும் அதைச் சுற்றி. சுவரோடு ஒட்டிய அடுக்குக்கு இன்னொரு கேடு உண்டு. மழைக்காலத்தில் சுவரின் ஓதம் நேரே புத்தக முதுகில் ஏறும். நான்கு விரல் இடைவெளியாவது விட வேண்டும்.

சொந்தப் புத்தகம் கொண்டுபோகலாமா?

நூலகரோடு நடக்கிற சண்டைகளில் முதலிடம் இதற்குத்தான். டிஎன்பிஎஸ்சி படிப்பவர் தன் கைடோடும் குறிப்பேட்டோடும் வருகிறார். நூலகருக்கோ, வெளிப் புத்தகம் உள்ளே வந்தால் எது நூலகத்துடையது, எது வந்தவருடையது என்று வெளியேறும்போது பிரிக்க முடியாத சங்கடம். புத்தகம் குறைந்தால் கணக்குத் தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பல நூலகர்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் சிடுசிடுப்பு அல்ல, அந்தப் பயம்தான்.

அண்ணா நூற்றாண்டு நூலகம் இதற்குத் தரைத்தளத்திலேயே தனிப் பகுதி வைத்தது. சொந்த நூல் படிப்போர் அங்கே, மற்ற தளங்களில் நூலக நூல் மட்டும். சிறிய நூலகத்தில் தனித் தளத்துக்கு வழியில்லை. ஆனாலும் வாசலில் ஒரு பதிவேடு, கொண்டுவரும் புத்தகத்தின் பெயரை அதில் எழுதி, ஒரு வண்ணச் சீட்டை அந்தப் புத்தகத்தில் செருகுவது, போகும்போது சீட்டைத் திருப்பித் தருவது என்று செய்தால் சிக்கல் தீரும்.

அடுத்த சண்டை இடம்பிடிப்பு. பேருந்தில் துண்டு போடுவதுபோல, காலையில் பையை வைத்துவிட்டுப் போனவர் மதியம்தான் வருவார். முப்பது நிமிடத்துக்கு மேல் ஆள் இல்லாத இருக்கையின் பையை எடுத்து நூலகர் மேசையில் வைப்போம் என்று ஒரு அறிவிப்பு ஒட்டி, ஒரு வாரம் தவறாமல் செய்தால் பழக்கம் மாறும். அறிவிப்பை ஒட்டிவிட்டு எடுக்காமல் விட்டால், அடுத்த அறிவிப்பையும் யாரும் படிக்கமாட்டார்கள்.

விளக்கு, விசிறி, பிளக்

படிக்கும் மேசையின் மேல் 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமாவது வேண்டும். 300 சதுர அடிப் படிப்பிடத்துக்கு 20 வாட் எல்இடி குழல்விளக்கு எட்டு தேவைப்படும். பல இடங்களில் மூன்றோ நான்கோதான் எரியும், அதுவும் சுவரில்.

விளக்கைக் கூரையோடு ஒட்டி மாட்டி, அதற்குக் கீழே விசிறி தொங்கினால் ஒரு வினோதம் நடக்கும். இறக்கை சுற்றச் சுற்ற நிழல் பக்கத்தின் மேல் துடித்துக்கொண்டே இருக்கும். அரை மணியில் கண் வலிக்கும், தலை கனக்கும். காரணம் தெரியாமல் ‘அங்கே உட்கார்ந்தால் படிப்பே ஏறுவதில்லை’ என்பார்கள். விளக்கை விசிறி இறக்கையின் மட்டத்துக்குக் கீழே சங்கிலியில் இறக்கினாலோ, இறக்கை சுற்றும் வட்டத்துக்கு வெளியே நகர்த்தினாலோ தீர்ந்தது. ஒரு மின்பணியாளருக்கு அரை நாள் வேலை.

பிளக் விஷயம் கொஞ்சம் ஆபத்தானது. பழைய கட்டிடங்களில் விளக்கு, விசிறிக்கான ஒரு மின்சுற்றில் 800 வாட் என்ற அளவில்தான் கம்பி போட்டிருப்பார்கள். ஆறு விசிறி, தலா 75 வாட்: 450. எட்டு விளக்கு: 160. ஆக 610 ஆகிவிட்டது. அதே சுற்றில் நீட்டிப்புக் கம்பி இழுத்து 65 வாட் மடிக்கணினி பத்தைச் செருகினால் 1,260. பழைய கம்பி என்றால் உள்ளே சூடேறலாம். சுமை மேலும் கூடினால், சர்க்யூட் பிரேக்கர் நல்லதாக இருந்தால் விழும். அது அடிக்கடி விழுகிறதே என்று பெரியதாக மாற்றிவிடுவதுதான் நடக்கக்கூடியதில் மிக மோசமான செயல்: விழவேண்டியது விழாது, கம்பி எரியும். பிளக்குகளுக்குத் தனிச் சுற்று இழுப்பதே முறை. அதற்குப் பணம் வரும்வரை, பழைய விசிறிகளை மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி விசிறிகளாக மாற்றினால் ஆறு விசிறியில் 270 வாட் மிச்சமாகும். அப்போது நான்கு மடிக்கணினியைக் கவலையில்லாமல் செருகலாம்.

தண்ணீரும் கழிப்பறையும்

மூன்று மணி நேரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லிவிட்டுக் கழிப்பறை தராத இடத்தில், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். பிறகு வருவதையும். மாலையில் ஆண்கள் கூட்டம் மட்டுமே தெரிகிற நூலகத்தில் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறையைத்தான்.

கழிப்பறை கட்டிடம் பெரும்பாலும் இருக்கிறது. பூட்டித்தான் இருக்கிறது. பூட்டு விழும் வரிசை ஏறத்தாழ எல்லா ஊரிலும் ஒன்றே:

1. தண்ணீர் போதாது. நாளுக்கு 40 பேர், ஆளுக்கு 10 லிட்டர் என்றாலும் 400, கழுவ 100. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயில் வரும் ஊரில் 1,000 லிட்டர் தொட்டி வேண்டும். 300 லிட்டர் தொட்டி வைத்திருப்பார்கள், மதியத்துக்குள் காலி.

2. தண்ணீர் இல்லாமல் ஒரு நாள் நாறுகிறது. துப்புரவுக்கு என்று நியமித்த ஆள் கிடையாது. ஊர்ப்புற நூலகத்தில் நூலகர் ஒருவரே எல்லாம். அவர் புத்தகத்தைப் பதிவாரா, பீங்கானைக் கழுவுவாரா?

3. ஊழியர்கள் தங்களுக்காவது சுத்தமாக இருக்கட்டும் என்று பூட்டிச் சாவியை மேசை இழுப்பறையில் வைக்கிறார்கள். கேட்டால் தருவார்கள். ஒரு கூட்டத்துக்கு நடுவே எழுந்துபோய் ஆண் ஊழியரிடம் கழிப்பறைச் சாவி கேட்கும் பெண் எத்தனை பேர்?

4. புழங்காத கழிப்பறையில் குழாய் துருப்பிடிக்கிறது, கதவு உப்புகிறது. அடுத்த ஆண்டு ‘பழுது’ என்று எழுதிவிடலாம்.

ஆகவே பூட்டை உடைக்கச் சொல்வதில் பயனில்லை. முதல் கண்ணியான தொட்டியையும் இரண்டாம் கண்ணியான துப்புரவையும் பிடிக்க வேண்டும். நகராட்சி எல்லைக்குள் என்றால், அருகிலுள்ள பொதுக் கழிப்பறைக்கு வரும் துப்புரவாளரின் அன்றாடச் சுற்றிலேயே நூலகத்தையும் சேர்க்க ஆணையரிடம் எழுத்தில் கேட்கலாம். தனி ஆள் நியமனம் கேட்பதைவிட இது நடக்கக்கூடியது.

சிறு விஷயங்கள்தான் இதில் பெரியவை. உள்ளே பிடிக்கிற தாழ்ப்பாள், பையையும் துப்பட்டாவையும் மாட்ட ஒரு கொக்கி, மூடியுள்ள குப்பைக்கூடை, வெளியே பாதை முழுவதும் விளக்கு. கழிப்பறை, நூலகக் கட்டிடத்தின் பின்னால் புதருக்கு நடுவே இருந்தால் ஆறு மணிக்கு மேல் அது இல்லாததற்குச் சமம்.

குடிநீருக்கு ஆர்ஓ கருவி நன்கொடையாக நிறைய வருகிறது. முன்வடிகட்டியை ஆறு மாதத்துக்கொரு முறையாவது மாற்ற வேண்டும் என்பதை நன்கொடையாளர் பலகையில் யாரும் எழுதுவதில்லை. மாற்றாத கருவியில் அழுத்தம் குறைந்து, சொட்டுச் சொட்டாக வந்து, ஒரு நாள் நிற்கும். கருவி தருபவரிடம் மூன்று ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தோடு தரச் சொல்லலாம். அதற்கு ஒப்பாவிட்டால் சில்வர் டிரம்மும் கேன் தண்ணீருமே மேல்.

சாய்தளம்: நீளம்தான் எல்லாம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வந்தபின் நூலக வாசலில் சாய்தளம் கட்டுவது வழக்கமாகிவிட்டது. அளவுதான் பிசகுகிறது. 1-க்கு 12 என்பது விதி: ஓர் அடி உயர 12 அடி நீளம். 15 செ.மீ. படி மூன்று இருந்தால் உயரம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டர், அதாவது ஏறக்குறைய 18 அடி ஓட வேண்டும். இடமில்லை என்று ஆறடியில் முடித்துவிடுகிறார்கள். அது 1-க்கு 4. சக்கர நாற்காலியில் தனியாக யாரும் ஏற முடியாது, இறங்கினால் குப்புறக் கவிழும். கடைசியில் இருசக்கர வண்டியை மேலே ஏற்றி நிறுத்தத்தான் அது பயன்படுகிறது. இடம் குறைவென்றால் நடுவில் ஒரு சமதளம் விட்டு எல் வடிவில் திருப்பலாம். மேலே கதவுக்கு முன் 1.5 மீட்டர் சமதளம், கதவு 90 செ.மீ. அகலம், அடுக்குகளுக்கு இடையிலும் அதே 90. இந்த நான்கு அளவில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்றும் வீண்.

கூட்ட அறையை யாருக்கு விடலாம்?

நூல் அறிமுகம், குழந்தைகள் நிகழ்ச்சி, வாசகர் வட்டத்தின் (நூலக வாசகர்கள் சேர்ந்து அமைக்கும் குழு) கூட்டம் ஆகியவற்றுக்கு விடுவதில் சிக்கல் இல்லை. வருமானம் வருகிறதே என்று எல்லை தாண்டும்போதுதான் வம்பு. அண்ணா நூற்றாண்டு நூலக அரங்கம் 2012-இல் திருமண நிகழ்ச்சிக்கு விடப்பட்ட விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போய், நூலகம் சாராத நிகழ்ச்சிகளுக்குத் தடை வந்தது. சிறிய ஊர்களிலும் இதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

யாரிடம், எந்த வரிசையில்

1. பலகையைப் படியுங்கள். பொது நூலகத் துறையா, ஊராட்சியா, நகராட்சியா என்பது அதில் இருக்கும்.

2. கட்டிடமும் நிலமும் யாருடையவை என்று நூலகரிடம் கேளுங்கள். துறை நூலகமாக இருந்தாலும் ஊராட்சியின் இலவசக் கட்டிடத்திலோ வாடகைக் கட்டிடத்திலோ இயங்கலாம். வாடகைக் கட்டிடத்தில் துறை கழிப்பறை கட்டித் தராது. உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தத்தில் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

3. வாசகர் வட்டம் இருந்தால் அதன் தீர்மானமாக எழுதுங்கள். தனி ஆளின் மனுவைவிட எடை அதிகம். இல்லாவிட்டால் ஒன்று அமைக்கக் கேட்பதே முதல் மனுவாக இருக்கட்டும்.

4. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். ‘நூலகத்தை மேம்படுத்துக’ என்று எழுதினால் எந்தத் தலைப்பிலும் நிதி ஒதுக்க முடியாது. ‘1,000 லிட்டர் தொட்டி, குழாய் இணைப்புடன்’ என்றால் மதிப்பீடு போடலாம்.

5. துறை நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலர். அறிவுசார் மையம் என்றால் நகராட்சி ஆணையர். ஊராட்சி நூலகம் என்றால் ஊராட்சித் தலைவரும் வட்டார வளர்ச்சி அலுவலரும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. கட்டிடத்துக்கு நிதி கேட்கும் மனுவிலேயே, திறந்தபின் தண்ணீர், மின்சாரம், துப்புரவுக்கு எந்த அலுவலகம் மாதாமாதம் பணம் தரும் என்ற வரியையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்கள்.

7. பணமே இல்லை என்ற பதில் வந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு உள்ளாட்சிக்கு மூன்று கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, செலுத்திய தேதிகள் எவை. இதே கேள்விகளை ஆணைக்குழுவுக்கும் தனியாக அனுப்புங்கள். இரண்டு பதிலிலும் தொகை ஒன்றாக இல்லையென்றால், அந்த வித்தியாசத்தையே அடுத்த மனுவின் முதல் வரியாக வைக்கலாம்.